பால் நேரம்

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். மற்றப் பாதி ஆட்களுக்குத் துண்டுக் கடிதம் எழுதிக்கொடுப்பது. எல்கடுவைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் பதினொரு வருஷம் இருந்தேன். லீவு கேட்டு எழுதினேன், அரிசிக் கூப்பன் புத்தகம் தொலைந்துபோனதற்கு எழுதினேன், கதிர்காமம் போக ஆசைப்பட்டவனுக்காகச் சாகாத பாட்டனைச் சாகடித்தும் எழுதினேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது. எழுதிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு மரவள்ளிக்கிழங்காவது வந்துவிடும். பஞ்சத்தில் ஒரு றாத்தல் பாணுக்கு விடியற்காலையிலேயே போலிம் வரிசையில் நின்ற எழுபத்துநாலாம் வருஷத்தில் அது நல்ல வரும்படி.

அழகம்மாவுக்காக எழுதிய துண்டில் ஒரே ஒரு வரிதான் பொய். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கதை.

அழகம்மா சரிவின் கீழே இருந்த பணிய லயத்து வீட்டுவரிசையில் கடைசியான தொங்கல் காம்பராவில் இருந்தாள். மகள் கமலாட்சி, மருமகன் செல்லச்சாமி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அழகம்மா, எல்லாருக்கும் அந்த ஒரு காம்பராதான். அழகம்மாவின் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். அவளுக்கு முதலில் பிறந்த இரண்டும் அதே காம்பராவில் ஒரு வயது காணாமல் போய்விட்டன. மூன்றாவது கமலாட்சி. மலையில் கொழுந்தெடுப்பதில் அழகம்மாவின் கைக்கு ஈடு இல்லை என்று பழைய கங்காணிமார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறுபது வயதில் வேலையிலிருந்து பேர் வெட்டினார்கள். அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் ரொட்டி சுட்டாள், விறகு பொறுக்கினாள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மறந்தாள். உப்புப் போட்ட மாவில் மறுபடியும் உப்புப் போட்டாள். என்னைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை ஐயா என்று கும்பிட்டாள். நான் அந்த மரியாதையை மறுக்கவில்லை.

ஒரு நாள் காலை பெரட்டுக்குப் போய் வேலை பிரித்து வாங்கி எல்லாரும் மலையேறி லயம் ஓய்ந்த பிறகு, ஒன்பது ஒன்பதரை வாக்கில், அழகம்மா எழுந்து நடக்கத் தொடங்கினாள். மறுநாளும் அதே நேரம் நடந்தாள். யாராவது கண்டு திருப்பிக் கூட்டிவருவார்கள். மலைக்குப் போகிறாள், உடம்பில் ஊறின வேலை விடமாட்டேன் என்கிறது என்று லயமே சொன்னது. நானும் சொன்னேன். அவள் கூடை எடுக்காமல் போனாள், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டாமல் போனாள், ஏறாமல் கீழ்நோக்கிப் போனாள். அதை ஒருவராவது யோசிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த வாரம் அவள் ஆற்றோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்துகிடந்தாள். மரத்துக்கு மருந்தடிக்கப் போன ஆட்கள் கண்டு தூக்கிவந்தார்கள். மணிக்கட்டு முறிந்திருந்தது, கால் இரண்டிலும் அட்டை. டிஸ்பென்சரி ஐயா மட்டையை வைத்துக் கட்டிவிட்டுக் கமலாட்சியைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னொருக்கா விழுந்தா கை இல்ல, தலதான் போகும். ஆளத் தனியா வுடாதீங்க."

"வுடாம நான் வீட்டுல நின்னா எனக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லீங்களே ஐயா. அவரு ஒருத்தரு பேர்ல அஞ்சு வயிறு எப்பிடிங்க?"

"அதுக்கு நான் மருந்து குடுக்க ஏலுமா?" என்றார் அவர். கெட்டவர் இல்லை. அவரிடமும் இருந்தது அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து செல்லச்சாமி கதவை வெளியே கொண்டி போட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனான். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற ஆள், கையில் கத்தி இருந்தாலும் ஈக்குத் தீங்கு நினைக்காதவன். நாலாவது நாள் பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பூட்டாம போனா கான்ல கெடக்குது வாத்தியாரய்யா. பூட்டிட்டுப் போனா கதவப் பிறாண்டுது. நேத்து வந்து தொறந்தா நகமெல்லாம் பேந்து ரத்தம். நல்லா இருக்கிற கையாலதான் பிறாண்டியிருக்கு. என்னயப் பார்த்து, நேரம் போயிருச்சு, நேரம் போயிருச்சுன்னு அழுவுது. எந்த நேரம்னு கேட்டா சொல்லத் தெரியல."

"கமலாட்சி என்ன சொல்லுது?"

"அது என்னத்தச் சொல்லும்? ராத்திரிக்கு மஞ்சப் பத்துப் போட்டுச்சு. அதுவும் அழுதுச்சு. நான் பூட்டினேன்னு என்னய ஏசவும் இல்ல. ஏசியிருந்தாக்கூட நல்லாருக்கும்."

இந்தச் சமயத்தில்தான் பூவாயி ஒரு வழி சொன்னாள். தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக் காம்பராவின் ஆயா அவள். மலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள், பூவாயி தொட்டில் ஆட்டிப் பார்த்துக்கொள்வாள். பல் போன வாய், யாருக்கும் பயப்படாத பேச்சு. தண்ணீர்ப் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு, எல்லாரும் கேட்கத்தான் சொன்னாள்.

"ஏண்டி கமலா, ஒங்கம்மாவ எங்கிட்டக் கொண்டாந்து வுடேன். பதினேழு உருப்படி கெடக்குது, பதினெட்டாப் பாத்துக்கிறேன். ஒரு மூலையில ஒக்காந்திருக்கட்டும். தொட்டி ஆட்டச் சொன்னா ஆட்டும்."

நாலு பெண்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு இல்லை. ஆனாலும் கமலாட்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எங்கம்மா என்னா கைப்புள்ளையா? தொட்டிப் புள்ளைகளோட ஒக்கார வச்சா, போறவ வர்றவ எல்லாம் பாத்துப் பல்லக் காட்டுவா. நாப்பது வருஷம் மலையில நின்னவ அவ. வேணாங்க்கா."

"சிரிக்கிறவ ரெண்டு நாளைக்குச் சிரிப்பா. மூணாம் நாளு அவ பொழப்பப் பாத்துக்கிட்டுப் போவா."

"வேணான்னா வேணாம்."

மானம் பெரிது என்று நினைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஏனென்றால் நானும் அவள் சொன்னதுதான் சரி என்றேன்.

எல்கடுவைக் கடைத்தெருவில் ஜுனைதீன் நானா பலசரக்குக் கடை வைத்திருந்தார். சரக்கு எடுக்க வாரம் இரண்டு தடவை லொறியில் மாத்தளைக்குப் போய்வருவார். மாத்தளை டவுனுக்கு அப்பால் சிஸ்டர்மார் நடத்துகிற வயோதிபர் மடம் ஒன்று இருப்பதை அவர்தான் சொன்னார். நானும் கமலாட்சியும் செல்லச்சாமியும் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். பாலும் சீனியும் இல்லாத தேயிலைச் சாயத்தண்ணியும் ஆளுக்கொரு துண்டுக் கருப்பட்டியும் தந்தார்.

"என்ட உம்மாவும் கடேசி ரெண்டு வருஷம் இப்பிடித்தான் மாஸ்டர். என்னையே யாரு நீங்க தம்பின்னு கேப்பாங்க. ஆனா ஊட்டுல ஏழு பொம்பளைகள் இரிந்தாங்க. ஒத்தர் மாறி ஒத்தர் பாத்தாங்க. இந்தப் புள்ளைக்கி அது ஏலாது. மடத்துல நேரத்துக்குச் சோறு, சுத்தமான பாயி, மருந்து. நான் அரிசி குடுக்கப் போற எடம், கண்ணால கண்டீக்கிறேன்."

"அங்க நம்ம ஊரு ஆளுக யாரும் இல்லையேங்க?" என்று கமலாட்சி கேட்டாள். ஒருவரும் இல்லை என்றதும் அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. தெரியாத ஊரில் சிரிக்க ஆள் இல்லை.

"ஒரு விசயம் இரிக்கி," என்றார் நானா. "புள்ளைகுட்டி உள்ள ஆக்கள அங்க எடுக்கமாட்டாங்க. ஒத்தருமே இல்லாதவங்களுக்குத்தான் அந்த எடம். இந்த வருஷம் வாசல்ல கூட்டம் வேற. மாஸ்டர் ஒரு துண்டு எழுதினா..."

என்னை மூன்று பேரும் பார்த்தார்கள். நான் அங்கேயே காகிதம் வாங்கி எழுதினேன். 'மேற்படி அழகம்மா விதவை. பிள்ளைகள் இல்லை. அயலவர் தயவில் இருக்கிறார்.' கீழே கையொப்பம், பள்ளிக்கூட முத்திரை. செல்லச்சாமி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். வாசித்தேன். பிள்ளைகள் இல்லை என்ற இடத்தில் கமலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "சும்மா எழுத்துத்தானேங்க," என்றாள்.

"சும்மா எழுத்துத்தான்," என்றேன் நானும்.

புதன்கிழமை லொறியில் கூட்டிப்போனார்கள். அழகம்மா முன்சீட்டில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாளாம், திருவிழாவுக்கா என்று கேட்டாளாம். மடத்தில் கமலாட்சி தன்னை அடுத்த காம்பராக்காரி என்று சொல்லி, கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். அன்று இரவு அந்த வீட்டில் ரொட்டி மிஞ்சியதாகச் செல்லச்சாமி பிறகு சொன்னான். அந்த வருஷத்தில் எந்த லயத்திலும் ரொட்டி மிஞ்சியதில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலாட்சி பார்க்கப் போனாள். சிஸ்டர்மாரோடு பேசத் துணை வேண்டும் என்றதால் நானும் போனேன். மடம் சுத்தமாகத்தான் இருந்தது. கூட்டின முற்றம், வெள்ளைத் துணிகள் காய்கிற கொடி, சோற்று வாசனை. அழகம்மா பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பேனுக்காக முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். கமலாட்சி அந்தத் தலையைப் பார்த்து நடையை நிறுத்திவிட்டாள்.

"கையெல்லாம் ஆறிருச்சு," என்றார் எங்களைக் கூட்டிவந்த சிஸ்டர். இளவயது, தன்மையான பேச்சு. "ஆனா ஒன்பது மணி ஆனா இங்க வந்து நின்னுடுவாங்க. தேத்தண்ணி குடிக்கிறதில்ல. பிள்ளை பிள்ளைன்னு ஒரே அழுகை. இவங்களுக்குப் பிள்ளை இல்லைன்னுதானே துண்டுல இருக்கு. எந்தப் பிள்ளைய கேக்கிறாங்க?"

நான் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தேன்.

அழகம்மா திரும்பிக் கமலாட்சியைக் கண்டாள். கண்டதும் கோபம்.

"ஆயா, நீ இங்க வந்து என்னா செய்யிற? எம் புள்ளைய யாருகிட்ட வுட்டுட்டு வந்த?"

"எந்தப் புள்ளம்மா?"

"எந்தப் புள்ளயா? எனக்கு என்னா பத்தா இருக்கு? ரெண்டு போச்சு. கமலா ஒண்ணுதானே நின்னுச்சு. பாலு கட்டிக்கிட்டு வலிக்குது ஆயா. பால் நேரம் வந்து எம்புட்டு நேரமாச்சு, இந்தக் கங்காணி வுடமாட்டேங்கிறான்." கேட்டில் நின்ற காவல்காரனைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் சொல்லேன். ஓடிப் போயிக் குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மலைக்குப் போகிற கைப்பிள்ளைக்காரிகளை ஒன்பதரை மணிக்குக் கொஞ்ச நேரம் விடுவார்கள். கூடையைக் கொழுந்து நிரையிலேயே வைத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்து, பால் கொடுத்துவிட்டு ஓடவேண்டும். அதற்குத்தான் பால் நேரம் என்று பேர். பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து அத்தனை வருஷமும் அந்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அழகம்மா ஓடியதும் அதே ஓட்டம்.

கமலாட்சி ஒரு அடி முன்னால் வந்தாள். நாந்தாம்மா அது என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். பக்கத்தில் சிஸ்டர் நின்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"புள்ள தூங்குதும்மா," என்றாள் கமலாட்சி.

"பாலு?"

"குடுத்தாச்சு. நானே குடுத்துட்டேன்."

"ஒனக்கும் கைப்புள்ளையா? நல்லாருப்ப." அழகம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வர்ற வரைக்கும் பாத்துக்க ஆயா. யாருகிட்டயும் குடுத்துறாத."

திரும்பிவரும் பஸ்ஸில் ஏற்றம் தொடங்கியபோது கமலாட்சி என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா வேலைக்கு ஓடல வாத்தியாரய்யா. என்னயத் தேடி ஓடியிருக்கு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவே திரும்பிப் போயிக் கூட்டிக்கிட்டு வந்துருவோமா?" என்று கேட்டாள்.

போயிருக்கலாம். பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவசரப்படாதே. நாளைக்குக் காலையில எங்க வைப்ப? முதல்ல இங்க ஒரு ஒழுங்கு செஞ்சுக்கிட்டு, முறையாப் போயிக் கூட்டிவருவோம்." நியாயமான பேச்சு. உள்ளே இருந்தது பயம். பொய்த் துண்டில் என் கையொப்பமும் பள்ளிக்கூட முத்திரையும் இருந்தன. அதை அந்தச் சிஸ்டர் முன்னால் நின்று ஒப்புக்கொள்ள எனக்கு அன்று தைரியம் வரவில்லை.

கமலாட்சி நேராகப் பூவாயியிடம் போய் நின்றாள். பூவாயி கேட்டுவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டாள்.

"அடிப் பாவி. அது விழுந்து கெடந்த கான் எங்க இருக்குன்னு நெனச்ச? அம்பத்தேழு வெள்ளத்துல மண்ணு சரிஞ்சு போறதுக்கு முன்ன புள்ளக்காம்பரா அங்கதானே இருந்துச்சு, ஆத்தோரத்துல. ஒன்னய அங்கதான் தொட்டில போட்டிருந்துச்சு. எனக்கே மறந்து போச்சு பாரு. அதுக்கு ஒண்ணு மட்டும் மறக்கல."

"அக்கா, அன்னைக்கு வேணான்னு சொன்னேன்ல..."

"அத வுடு. கூட்டிக்கிட்டு வா. நான் டிஸ்பென்சரி ஐயாகிட்டப் பேசிக்கிறேன்."

பேசினாள். அவர் பெரிய துரையிடம் கேட்க ஒரு வாரம் ஆயிற்று. சரி என்று வந்த அன்றைக்கு மழை பிடித்தது. எல்கடுவைப் பாதையில் மண் சரிந்து இரண்டு இடத்தில் அடைத்துக்கொண்டது. பஸ் இல்லை, லொறி இல்லை. மூன்று வாரம் கமலாட்சி மழைக்குள் கொழுந்தெடுத்தாள். ஒன்பதரை மணிக்குத் தாய்மார் இறங்கி ஓடும்போது அவளும் கையை நிறுத்திவிட்டு நிற்பாளாம், கங்காணி சத்தம்போட்டால்தான் அசைவாளாம்.

பாதை திறந்த அன்று கமலாட்சி, செல்லச்சாமி, நான் மூன்று பேரும் போனோம். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். "சிஸ்டர், நான் எழுதித் தந்தது பொய். இது அவங்க மகள்," என்றேன். கமலாட்சி சிஸ்டரின் காலில் விழப்போனாள். அவர் பிடித்துக்கொண்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"எங்களுக்குத் தெரியாதே," என்றார். "துண்டுல இருந்தபடிதான் சொன்னோம். பிள்ளை பிள்ளைன்னு சாப்பிடாமக் கெடந்தாங்க. அப்பத்தான் நான் பக்கத்துல இருந்து, உங்களுக்குப் பிள்ளை இல்லையே அம்மா, நினைச்சுப் பாருங்கன்னு மெதுவாச் சொன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். மூணு நாள் அழுதாங்க. அதுக்குப் பிறகு கேட்டுக்குப் போறதில்ல. சோறு சாப்பிடுறாங்க. நல்ல அமைதி. சுகமாயிருச்சுன்னு நினைச்சோம்."

அழகம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கமலாட்சி முன்னால் மண்டி போட்டாள்.

"அம்மா, நாந்தாம்மா கமலா. பால் நேரமாச்சும்மா. வாங்க போவோம்."

"எதுக்கு?" என்றாள் அழகம்மா. குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. "அது போயிருச்சு. பாலுக்கு அழுதே போயிருச்சாம். அந்த அம்மா சொன்னாங்க."

செல்லச்சாமி வெளியே போய்விட்டான். கமலாட்சி என்னென்னவோ சொன்னாள். பேர் சொன்னாள், லயம் சொன்னாள், அப்பன் பேர் சொன்னாள், சின்ன வயதில் அடுப்பில் விழுந்து வெந்த முழங்கைத் தழும்பைக் காட்டினாள். அழகம்மா அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்து, "பாவம், வலிச்சிருக்கும்," என்றாள். கையை எடுத்துக்கொண்டு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மாவா சொன்னார்கள். கண் கெட்டது எனக்குத்தான், அனுபவித்தவள் கமலாட்சி.

கூட்டிக்கொண்டு வந்தோம். எங்கே கூப்பிட்டாலும் வந்தாள். மறுநாளிலிருந்து பூவாயியிடம் பிள்ளைக் காம்பராவில் இருந்தாள். லயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பாள். கதவு திறந்தே கிடக்கும், அவள் எங்கும் ஓடவில்லை. தொட்டில் ஆட்டச் சொன்னால் மட்டும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள்.

ஒன்பதரை மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி ஓடிவருவார்கள். அவர்களோடு கமலாட்சியும் ஓடிவருவாள். கைப்பிள்ளை இல்லாதவளுக்குப் பால் நேரம் எந்தச் சட்டத்திலும் இல்லை, கங்காணி மலையின் வேறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவார். சாயத்தண்ணியில் ரொட்டியை நனைத்து, பிட்டுப் பிட்டு ஊட்டுவாள். அழகம்மா வாங்கித் தின்பாள். நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகும்வரைக்கும், ஒன்றரை வருஷம், அது ஒரு வேலை நாளும் தவறவில்லை. ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிடும்போது, ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்க்கிற மாதிரி அவள் முகத்தைப் பார்த்து அழகம்மா சொல்வாள்.

"நல்லாருப்பம்மா நீ. எம் புள்ள இருந்திருந்தா ஒன் வயசுதான் இருக்கும்."